சர்வதேச உறவுகள் + ஒரு வெளிநாட்டு மொழி... தூத்துக்குடியிலிருந்து எங்கே, எப்படிப் படிக்கலாம்?

தூத்துக்குடி கடற்கரையில் நின்று பார்த்தால் தெரிவது ஒரே கடல்தான். ஆனால், காகிதத்தில் அந்தக் கடல் மூன்று நாடுகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. 1974, 1976-ம் ஆண்டுகளில் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தங்கள் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் எல்லைக்கோட்டை வரைந்தன. அதே 1976-ல் மாலத்தீவையும் சேர்த்துக்கொண்டு, மூன்று நாட்டு எல்லைகளும் சந்திக்கும் புள்ளியையும் முடிவு செய்தார்கள். மீன் பிடிக்கப் போன ஒரு படகு அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டதாகப் பிடிபட்டால், அடுத்த சில மாதங்களுக்கு ஒரு குடும்பத்தின் சாப்பாடு, கடன், பிள்ளைகளின் படிப்பு எல்லாமே இரண்டு அரசாங்கங்கள் பேசிக்கொள்வதைப் பொறுத்துத்தான்.

அந்தப் பேச்சுவார்த்தையைப் பாடமாகப் படிக்கலாம். அதன் பெயர்தான் சர்வதேச உறவுகள். `இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ்', சுருக்கமாக ஐ.ஆர். அதோடு ஒரு வெளிநாட்டு மொழியையும் சேர்த்துப் படித்தால் என்ன கிடைக்கும், எங்கே படிக்கலாம், எந்த மொழியை எடுக்கலாம், எங்கெல்லாம் ஏமாறக் கூடாது? ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கும், டிகிரி படித்துக்கொண்டே `அடுத்து என்ன?' என்று யோசிப்பவர்களுக்குமான கையேடு இது.

ஐ.ஆர்-ல் என்னதான் சொல்லித் தருவாங்க?

நாடுகள் ஏன் சண்டை போடுகின்றன, எப்படிச் சமாதானமாகின்றன, வர்த்தக ஒப்பந்தம் எப்படி உருவாகிறது, அகதிகளுக்கு என்ன உரிமை, ஐ.நா. எப்படி இயங்குகிறது... இவைதான் அடிப்படைப் பாடங்கள். சர்வதேசச் சட்டம், உலக வரலாறு, பொருளாதாரம் ஆகியவையும் வரும். இதில் `ஏரியா ஸ்டடீஸ்' என்று ஒரு பிரிவு உண்டு. தெற்காசியா, ஆப்பிரிக்கா, ரஷ்யா என்று ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அதன் அரசியலை ஆழமாகப் படிப்பது.

கேட்க ஏதோ டெல்லி சமாசாரம் மாதிரி இருக்கும். ஆனால், தூத்துக்குடிக்காரர்களுக்கு இதில் பாதி வீட்டுக் கதை. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை ஒரு நாட்டின் சொந்தக் கடல், 200 கடல் மைல் வரை அதன் பொருளாதார மண்டலம் என்று சொல்வது 1982-ம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை. 1906-ல் வ.உ.சி சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி தூத்துக்குடி - கொழும்பு கப்பல் விட்டது, ஒரு சாம்ராஜ்யத்தின் கடல் வர்த்தக ஆதிக்கத்தை எதிர்த்துத்தான். பாடப்புத்தகத்தில் `பொருளாதார தேசியவாதம்' என்ற தலைப்பில் வருவதை நம்ம ஊர் துறைமுகப் பெயர்ப்பலகையிலேயே பார்க்கலாம்.

மொழி எதுக்கு? அதான் ஆப் இருக்கே!

நியாயமான கேள்வி. ஹோட்டலில் சாப்பாடு ஆர்டர் செய்ய ஆப் போதும். ஆனால், எதிரில் இருப்பவர் நம்மை நம்ப வேண்டும் என்றால் ஆப் போதாது. இதற்கு முத்துக்குளித்துறையிலேயே ஐந்நூறு வருடப் பழைய உதாரணம் இருக்கிறது.

1530-களில் இந்தக் கரையின் பரதவர்கள் முத்துக்குளிக்கும் உரிமைக்காகப் பெரும் நெருக்கடியில் இருந்தார்கள். அவர்களுக்குப் போர்ச்சுகீசியர்களிடம் உதவி கேட்கும் யோசனையைச் சொன்னவர் ஜோவா தா க்ரூஸ் என்ற குதிரை வியாபாரி. அவர் போர்ச்சுகீசியர் இல்லை; கேரளக் கரையைச் சேர்ந்தவர். இளம் வயதில் லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டு, அங்கே மொழியையும் பழக்கவழக்கங்களையும் கற்றுக்கொண்டு திரும்பியவர். இரண்டு பக்கமும் பேசத் தெரிந்த அந்த ஒரு மனிதர் நடுவில் வந்த பிறகு, இந்தக் கரையின் மதம், பெயர்கள், வியாபாரம் எல்லாமே மாறின. அது நல்லதா, கெட்டதா என்பது தனி விவாதம். ஆனால், மொழி தெரிந்த ஒருவரின் கையில் எவ்வளவு அதிகாரம் சேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1542-ல் வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழ் தெரியாததால் உள்ளூர்க்காரர்களை வைத்து ஜெபங்களை மொழிபெயர்த்து மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. அவருக்குப் பின் வந்த அன்றீக்கே அடிகளாரோ உட்கார்ந்து தமிழ் கற்றார். போர்ச்சுகீசிய மொழியில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட `தம்பிரான் வணக்கம்', இந்தியாவில் இந்திய எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் முதலாவது. நாம் சொல்லும் ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் போர்ச்சுகீசிய வார்த்தைகள். 1658-ல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்களின் மொழியிலிருந்து வந்ததுதான் `துட்டு'.

இன்றைக்கு வருவோம். இலங்கையில் சிங்களம், தமிழ் இரண்டுமே ஆட்சி மொழிகள். யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ வழக்கு நடந்தால் நீதிமன்ற மொழி தமிழ். நம் மீனவருக்குத் தன் மீது என்ன குற்றச்சாட்டு என்பதாவது புரியும். ஆனால், 2024-ல் தருவைகுளம் மீனவர்கள் நிறுத்தப்பட்டது புத்தளம் நீதிமன்றத்தில். அது வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு வெளியே இருப்பதால் அங்கே நீதிமன்ற மொழி சிங்களம். அதற்கு முந்தைய வருடம் தருவைகுளம்காரர்களே மாலத்தீவிலும் பிடிபட்டார்கள். அங்கே திவெஹி மொழி. வலமிருந்து இடமாக எழுதும் தனி எழுத்து. கடல் சட்டமும் தெரிந்து, அந்த நாட்டு மொழியும் தெரிந்து, இங்கே குடும்பத்திடம் தமிழில் விளக்கவும் தெரிந்த ஒருவர் இருந்தால்? அப்படிப்பட்ட ஆட்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குக்கூட இல்லை என்பதுதான் இந்தப் படிப்பின் மதிப்பு.

எந்த மொழியை எடுக்கலாம்?

காலேஜில் `பார்ட் 1'-ல் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுப்பவர்கள் பலர். காரணம், மார்க். அது தப்பில்லை. ஆனால், அந்தக் கணக்கில் எடுத்த மொழி செமஸ்டர் முடிந்ததும் மறந்துபோகும். ஐ.ஆர் படிக்க நினைப்பவர், `இந்த மொழி யாரோடு பேச உதவும்?' என்று கேட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தூத்துக்குடியைச் சுற்றியே ஒரு ரவுண்டு போகலாம்.

ரஷ்யன்: பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் கூடங்குளம் அணுமின் நிலையம் ரஷ்ய ஒத்துழைப்பில் எழுந்தது. 1988-ல் சோவியத் யூனியனோடு போட்ட ஒப்பந்தம். முதல் அணு உலையின் மின்சாரம் 2013-ல் கிரிட்டுக்கு வந்தது. அடுத்தடுத்த உலைகளின் வேலை இன்னும் நடக்கிறது. ராணுவத் தளவாடம், அணுசக்தி, விண்வெளி என்று இந்தியா - ரஷ்யா உறவு நீண்டது.

வியட்நாமியம்: வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் தூத்துக்குடி சிப்காட்டில் அமைத்த எலெக்ட்ரிக் கார் ஆலை 2025 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. இந்த மொழிக்கு வகுப்பு தேடுவதே கஷ்டம். ஆனால், கற்றவர்களும் குறைவு என்பதால் போட்டியும் குறைவு.

சிங்களம், திவெஹி: கொழும்பு நமக்குப் பக்கத்துத் துறைமுகம். பழைய துறைமுகத்திலிருந்து தோணிகள் இன்றும் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகின்றன. மீனவர் பிரச்னை, சீனாவின் இந்தியப் பெருங்கடல் வருகை, இலங்கைத் தமிழர் அரசியல் எதை ஆய்வு செய்தாலும் சிங்களம் படிக்கத் தெரிந்தால் உங்கள் கட்டுரையின் எடையே வேறு.

அரபு: காயல்பட்டினத்துக்கும் அரபு உலகத்துக்குமான உறவு பல நூற்றாண்டுப் பழசு. தமிழை அரபு எழுத்தில் எழுதும் `அரபுத் தமிழ்' மரபு வளர்ந்த ஊர்களில் அதுவும் ஒன்று. வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழர்கள், கச்சா எண்ணெய், தொழிலாளர் சட்டம் என்று இந்த மொழிக்கான தேவை குறையப்போவதில்லை.

பிரெஞ்சு, ஸ்பானிஷ்: ஐ.நா-வின் ஆறு அதிகாரபூர்வ மொழிகள் அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ். சர்வதேச அமைப்புகளில் வேலை பார்க்க ஆசை என்றால் ஆங்கிலத்தோடு பிரெஞ்சு இருப்பது பெரிய பலம். ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் வேலை நடப்பதும் பிரெஞ்சில்தான்.

சீனம், ஜப்பானியம், கொரியன்: முதலாவது வெளியுறவுக் கொள்கை ஆய்வுக்கு. அடுத்த இரண்டும் சென்னையைச் சுற்றியுள்ள ஜப்பானிய, கொரிய நிறுவனங்களால் உடனடி வேலைக்கும் உதவும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். தமிழே ஒரு சர்வதேச மொழி. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் ஆட்சி மொழிகளில் ஒன்று. டெல்லியில் ஐ.ஆர் படிக்கும் ஒரு மாணவர் யாழ்ப்பாணப் பத்திரிகையைப் படிக்க மொழிபெயர்ப்பாளரைத் தேடும்போது, நீங்கள் டீ குடித்துக்கொண்டே படித்து முடித்துவிடுவீர்கள். தமிழை நன்றாக எழுதத் தெரிந்திருப்பதும் இந்தத் துறையில் ஒரு தகுதிதான்.

கத்துக்க எவ்வளவு நாள் ஆகும்?

அமெரிக்கா தன் தூதர்களுக்கு மொழி சொல்லிக்கொடுக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறது. முழு நேரமாக உட்கார்ந்து படித்தால் பிரெஞ்சு, ஸ்பானிஷுக்குச் சுமார் 30 வாரங்கள். ஜெர்மனுக்குச் சுமார் 36. ரஷ்யன், வியட்நாமியம், சிங்களத்துக்குச் சுமார் 44. அரபு, சீனம், ஜப்பானியம், கொரியனுக்குச் சுமார் 88 வாரங்கள்.

இது ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கான கணக்கு. நமக்கு ஒரு சலுகை உண்டு. ஜப்பானியம், கொரியன், சிங்களம் மூன்றிலும் வாக்கிய அமைப்பு தமிழ் மாதிரிதான். `நான் சோறு சாப்பிட்டேன்' என்பதுபோல வினைச்சொல் கடைசியில் வரும். வேற்றுமை உருபு மாதிரி ஒட்டுகள் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் சேரும். எழுத்தைக் கற்பது கஷ்டம், வாக்கியம் அமைப்பது பழகிய பாதை.

எப்படிப் பார்த்தாலும் வாரத்துக்கு இரண்டு வகுப்பு என்று போனால் மூன்று வருடப் படிப்பில் நடுத்தர நிலைக்குத்தான் வர முடியும். ஐரோப்பிய மொழிகளை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ1 என்பது பெயர், ஊர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும் நிலை. பி2 வந்தால்தான் செய்தித்தாளைப் படித்து விவாதிக்கலாம். `பிரெஞ்சு தெரியும்' என்று பயோடேட்டாவில் போட வேண்டுமென்றால் இலக்கு பி2. ஜப்பானியத்துக்கு என்5-ல் தொடங்கி என்1 வரை ஐந்து படிகள். இதில் வேலைக்குப் பொதுவாக என்3-க்கு மேல் கேட்பார்கள்.

எங்கே படிக்கலாம்? மூன்று வழிகள்

பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் `ஐ.ஆர் வித் மாடர்ன் லாங்குவேஜ்' என்றே பட்டப்படிப்பு உண்டு. நான்கு வருடம், அதில் ஒரு வருடம் அந்த மொழி பேசும் நாட்டில் போய்ப் படிக்க வேண்டும். இந்தியாவில் அது பெரும்பாலும் ரெடிமேடாகக் கிடைக்காது. நாமேதான் தைத்துக்கொள்ள வேண்டும்.

வழி 1: முதலில் மொழி, பிறகு ஐ.ஆர்.

டெல்லி ஜே.என்.யூ-வில் பி.ஏ ஹானர்ஸ் படிப்பாகவே பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ரஷ்யன், சீனம், ஜப்பானியம், கொரியன், அரபு, பாரசீகம் படிக்கலாம். ப்ளஸ் டூ-வில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் பரவாயில்லை. மொழி முன்பே தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. க்யூட் நுழைவுத்தேர்வு மூலம் அட்மிஷன். அதே வளாகத்தில் இருக்கும் ஸ்கூல் ஆஃப் இன்டர்நேஷனல் ஸ்டடீஸ், 1955-ல் தனி நிறுவனமாகத் தொடங்கி 1970-ல் ஜே.என்.யூ-வோடு இணைந்தது. பி.ஏ முடித்ததும் க்யூட் பி.ஜி எழுதி அங்கே எம்.ஏ சேரலாம். கட்டணம் தனியார் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

ஹைதராபாத்தின் இஃப்ளூ பல்கலைக்கழகத்திலும் வெளிநாட்டு மொழிகளில் பி.ஏ ஹானர்ஸ் உண்டு. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ்.

வழி 2: முதலில் ஐ.ஆர், கூடவே மொழி.

கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஐ.ஆர் பி.ஏ-விலேயே இருக்கிறது. அதன் மொழிப் பள்ளியில் வெளிநாட்டு மொழிச் சான்றிதழ் வகுப்புகளும் நடக்கின்றன. பக்கத்தில் என்றால், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் அரசியல் மற்றும் சர்வதேச உறவுகள் எம்.ஏ இருக்கிறது. அந்த ஊரில் பிரெஞ்சு கற்க இடத்துக்குப் பஞ்சமே இல்லை. சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் பெண்களுக்கு எம்.ஏ இன்டர்நேஷனல் ஸ்டடீஸ் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் போர்த்திறன் ஆய்வுத் துறை, தெற்கு - தென்கிழக்காசிய ஆய்வு மையம், பிரெஞ்சுத் துறை மூன்றும் இருக்கின்றன. கேரளத்தில் கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்திலும், காசர்கோடு மத்தியப் பல்கலைக்கழகத்திலும் ஐ.ஆர் எம்.ஏ இருக்கிறது.

வழி 3: வீட்டிலிருந்தே தொடக்கம்.

`மூணு வருஷம் டெல்லிக்கு அனுப்ப வீட்ல ஒத்துக்க மாட்டாங்க', `பணம் இல்லை' என்பவர்களுக்கு இந்த வழி. தூத்துக்குடியிலேயே வரலாறு, ஆங்கிலம், பொருளாதாரம், காமர்ஸ் என எந்த டிகிரியிலும் சேருங்கள். எம்.ஏ ஐ.ஆருக்குப் பல பல்கலைக்கழகங்கள் ஏதாவது ஒரு டிகிரி இருந்தால் போதும் என்கின்றன. கூடவே இக்னோ மூலம் தொலைதூரக் கல்வியில் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், அரபு, ஜப்பானியம் போன்ற மொழிகளில் சான்றிதழ் படிப்பு படிக்கலாம். 2022-ல் யு.ஜி.சி இரண்டு பட்டப்படிப்புகளை ஒரே நேரத்தில் படிக்க அனுமதித்துவிட்டது. கல்லூரியில் ஒன்று, தொலைதூரத்திலோ ஆன்லைனிலோ இன்னொன்று என்று படிக்கத் தடையில்லை.

தேர்வுக்கும் ஆன்லைன் வகுப்புக்கும் சென்னையின் அலையான்ஸ் ஃபிரான்ஸே, கோத்தே இன்ஸ்டிட்யூட், ஜப்பானியத்துக்கு ஏ.பி.கே - ஏ.ஓ.டி.எஸ் தோசோகாய், கொரியனுக்கு இன்கோ சென்டர் ஆகியவை நம்பகமானவை. ஜெர்மன், பிரெஞ்சுக்கு நம் பக்கத்தில் திருவனந்தபுரத்திலும் மையங்கள் உண்டு. வருடத்துக்கு ஒரு நிலைத் தேர்வு என்று வைத்துக்கொண்டால், டிகிரி முடியும்போது கையில் பி1 சான்றிதழாவது இருக்கும்.

படிச்சா வேலை என்ன?

முதலில் எல்லோரும் கேட்பது ஐ.எஃப்.எஸ். யு.பி.எஸ்.சி சிவில் சர்வீஸ் தேர்வு எழுதித்தான் போக வேண்டும். அதற்கு ஐ.ஆர் டிகிரி கட்டாயமில்லை. ஆனால், `அரசியல் அறிவியல் மற்றும் சர்வதேச உறவுகள்' ஒரு விருப்பப்பாடம். பொது அறிவுத் தாளிலும் ஐ.ஆர் வருகிறது. தேர்வானதும் ஒவ்வொருவருக்கும் ஒரு வெளிநாட்டு மொழி ஒதுக்கப்படும். அந்த நாட்டுக்கே போய்க் கற்று, தேர்வில் பாஸ் செய்ய வேண்டும். வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், திருச்சியில் பிறந்த கே.சுப்ரமணியத்தின் மகன். ஜே.என்.யூ-வில் சர்வதேச உறவுகளில் பிஹெச்.டி முடித்தவர், முதல் போஸ்டிங் மாஸ்கோவில், அங்கே ரஷ்யன் கற்றார். அரசாங்கமே தன் தூதர்களை இந்த `காம்போ'வில்தான் தயார் செய்கிறது.

ஐ.எஃப்.எஸ்-க்கு வெளியேயும் இடம் இருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் மொழிபெயர்ப்பாளர் பணி, தூதரகங்களின் உள்ளூர்ப் பணியிடங்கள், ஆய்வு நிறுவனங்கள், அகதிகளுக்கும் புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கும் உதவும் அமைப்புகள், வெளிநாட்டுச் செய்திப் பிரிவு, ஏற்றுமதி - இறக்குமதி நிறுவனங்கள், ஷிப்பிங் ஏஜென்சிகள், வெளிநாட்டு ஆலைகளின் நிர்வாகம்... கண்டெய்னர் டெர்மினல் இருக்கும் ஊரில் கடைசி மூன்றும் கண்ணெதிரிலேயே இருக்கின்றன.

மேற்படிப்புக்கு ஜெர்மனியின் டாட், ஜப்பானின் மெக்ஸ்ட், குளோபல் கொரியா ஸ்காலர்ஷிப், ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ் போன்ற உதவித்தொகைகள் உண்டு. அந்த நாட்டு மொழி ஓரளவு தெரிந்தவரின் விண்ணப்பம் தனியாகத் தெரியும்.

சேரும் முன்பு இதையும் பாருங்க!

* `கோர்ஸ் முடிச்சா ஐ.நா-வில் வேலை' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஐ.நா-வின் இளம் அலுவலர் தேர்வை எந்தெந்த நாட்டினர் எழுதலாம் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். அதன் இன்டர்ன்ஷிப்களில் பெரும்பாலானவற்றுக்குச் சம்பளம் கிடையாது.

* ஐ.ஆர் டிகிரி மட்டும் வைத்திருந்தால் பிரைவேட் வேலை கிடைப்பது சிரமம். `ஐ.ஆர் படித்தவர் தேவை' என்று விளம்பரம் வருவது அபூர்வம். மொழியோ, டேட்டா அனாலிசிஸோ, சட்டமோ... கூட ஒன்று வேண்டும்.

* மொழியில் மட்டும் டிகிரி வாங்கினாலும் சிக்கல் உண்டு. யு.பி.எஸ்.சி-யில் 2013-ல் பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன் போன்ற வெளிநாட்டு மொழி இலக்கியங்களை விருப்பப்பாடப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். தமிழ் இலக்கியம் இன்றும் இருக்கிறது.

* லட்சக்கணக்கில் கல்விக்கடன் வாங்கித் தனியார் பல்கலைக்கழகத்தில் சேரும் முன், அங்கே அந்த மொழி எத்தனை செமஸ்டர், எந்த நிலை வரை, சர்வதேசச் சான்றிதழ் கிடைக்குமா என்று எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். இரண்டு செமஸ்டர் என்றால் அது ஏ1 மட்டும்தான்.

* க்யூட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால், எந்தப் படிப்புக்கு எந்தத் தாள் எழுத வேண்டும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். அந்தந்த வருடத்து அறிவிப்பை அந்தந்த பல்கலைக்கழக இணையதளத்தில் பார்த்த பிறகே ஃபார்ம் நிரப்புங்கள்.

நாளைக்கே ஆரம்பிக்கணும்னா?

ஒரு மொழியைத் தேர்ந்தெடுங்கள், ஒன்று மட்டும். ஆறு மாதம் போனிலேயே இலவசமாகக் கற்றுப் பாருங்கள். பிடித்திருந்தால் மட்டும் வகுப்புக்குப் பணம் கட்டுங்கள். தினமும் ஒரு வெளிநாட்டுச் செய்தியை எடுத்து, அதே செய்தியை இரண்டு நாட்டுப் பத்திரிகைகள் எப்படி எழுதியிருக்கின்றன என்று ஒப்பிடுங்கள். மீனவர் கைது செய்தியிலிருந்தே தொடங்கலாம். `எல்லை தாண்டினார்கள்' என்று ஒரு பத்திரிகையும், `பாரம்பரிய மீன்பிடிப் பகுதி' என்று இன்னொரு பத்திரிகையும் எழுதியிருக்கும். அந்த இரண்டு வார்த்தைகளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் ஐ.ஆர். இரண்டையும் மூல மொழியிலேயே படிக்க முடிகிற ஆளாக நீங்கள் ஆகிவிட்டால், முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறி எந்த இன்டர்வியூவுக்கும் தைரியமாகப் போகலாம்.